ஒரே ஐடியில் ஐந்து ஃபோன்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பாஸ்வேர்ட் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். வந்தேன், பேசினேன், டீயும் வடையும் கொடுத்தார்கள். பாஸ்வேர்டை நீளமாக வையுங்கள், பிள்ளை பேரை வைக்காதீர்கள், ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன். நீங்களும் தலையாட்டினீர்கள். பாதிப் பேர் அப்போதே ஃபோனைத்தான் நோண்டிக்கொண்டிருந்தீர்கள், நான் பார்க்காமல் இல்லை. சொல்ல நினைத்த ஒரு விஷயத்தை மட்டும் அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. அது எனக்கே சரியாகப் பிடிபடாத விஷயம். பிடிபடாததை மைக் முன்னால் நின்று சொல்லக் கூச்சமாக இருந்தது. எழுதினால் வந்துவிடும் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

பெரம்பலூரில் ஃபோன் கம்பெனியின் சேவை மையத்தில்தான் என் காலம் போனது. வேப்பந்தட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து, கவுண்டரில் உட்கார்ந்து, சாயங்காலம் பஸ் பிடித்துத் திரும்புவேன். ஆரம்பத்தில் லேண்ட்லைன் பில், லைன் இரைச்சல், கம்பம் சாய்ந்த புகார். அப்புறம் சிம் கார்டு. அதற்கும் அப்புறம் வந்ததற்கு என்ன பெயர் என்றே எனக்குத் தெரியாது. சிம் வாங்க வருகிறவர்கள் "மேடம், அப்படியே இந்த மெயிலையும் போட்டுக் குடுத்துடுங்க" என்று ஃபோனை நீட்டுவார்கள். சிம்மோடு நம் வேலை முடிந்தது என்பதுதான் விதி. வெயிலில் பஸ் ஏறி வந்த மனுஷனிடம் விதியைப் படித்துக் காட்ட எனக்கு மனசு வந்ததில்லை.

வாலிகண்டபுரத்திலிருந்து ஒரு விவசாயி வருவார். எட்டு ஊருக்குக் கேட்கிற குரல். பேங்க் ஆப் திறக்கவில்லை என்று வந்தவர், ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி தன் ரகசிய எண்ணைச் சொல்ல ஆரம்பித்தார். "அய்யா, மெதுவா. அதை என்கிட்டகூட சொல்லக் கூடாது" என்றேன். "உள்ள ஒண்ணும் இல்ல மேடம், மறைச்சு என்ன பண்ணப் போறேன்" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எவனாவது பணத்தை அடித்துக்கொண்டு போவான், அதைத் தடுக்கத்தான் பாஸ்வேர்ட் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்த நாள்வரை என் படிப்பு அவ்வளவுதான்.

அந்த ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற பையன் பெட்டியில் ஃபோன்களாகக் கொண்டு வருவான். அத்தாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. கிளம்புவதற்கு முன் அங்கேயே ரூமில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்து, தன்னுடைய மெயில் ஐடியையும் பாஸ்வேர்டையும் ஒவ்வொன்றிலும் போட்டு, வீடியோ கால் ஆப்பும் ஏற்றி, பொத்தானை அமுக்கினால் பேசலாம் என்கிற அளவுக்குத் தயார் பண்ணிவிடுவான். வீட்டில் இருப்பவர்கள் கஷ்டப்படக் கூடாது என்கிற அக்கறைதான். தன்னுடைய பழைய ஃபோன் மிச்சம் இருந்தால் அதையும் தங்கைக்கோ மச்சானுக்கோ கொடுத்துவிடுவான். அதிலும் அவன் ஐடிதான் இருக்கும். அவன் லீவு முடிந்து போன பிறகுதான் கூத்து ஆரம்பிக்கும்.

அம்மாவின் ஃபோனில் ஏசி மெக்கானிக் என்று ஒரு பெயர் இருக்கும். வீட்டில் ஏசி ஓடவில்லையே என்று கூப்பிட்டால் துபாயில் இருக்கிற மெக்கானிக் எடுத்து, எந்த பில்டிங் என்று கேட்பான். மருமகள் எடுத்த போட்டோ மாமனார் ஃபோனில் வந்து நிற்கும். "எவனோ உள்ள பூந்துட்டான் மேடம்" என்று நம்மிடம் ஓடி வருவார்கள். யாரும் புகுந்திருக்க மாட்டார்கள். ஒரே ஐடியில் இருக்கிற ஃபோன்கள் எல்லாம் ஒரே பீரோ மாதிரி, ஒருவர் வைத்ததை எல்லாரும் பார்க்கலாம் என்று விளக்குவேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க மேடம், அப்ப பூந்தவன் யாரு" என்பார்கள். சில நாள் எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிடும்.

அன்றைக்கு வந்தவர்கள் மூன்று பேர். ஜவுளிக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர். ஊரில் அவரை ஹாஜியார் என்பார்கள். அவர் மனைவி ஜைத்தூன் அம்மா. மருமகள் ஷகிலா. மகன் கமால் துபாயிலிருந்து ஹாஜியாரின் ஃபோனில், ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தான். மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசியதில் எனக்கு முதலில் ஒன்றுமே விளங்கவில்லை. ஷகிலா மட்டும் வாயைத் திறக்கவில்லை. முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி நின்றாள்.

ஒருவழியாக விளங்கியது இதுதான். கமால் தன் ஃபோனில் எதையோ தேடப் போயிருக்கிறான். முன்பு தேடியவை என்று கீழே வரிசையாக வருமே, அதில் 'பெண் குலா கேட்பது எப்படி' என்று வந்து நின்றிருக்கிறது. மனைவி தன் பக்கமிருந்து மணவிலக்குக் கேட்பதற்கு அவர்களிடம் குலா என்று பெயர். கமால் அதைத் தேடவில்லை. அந்த ஐடி தன் மனைவியின் ஃபோனில் இருப்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. கொதித்துப்போய்விட்டான்.

"சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும் அத்தா. அவ தேடலைன்னா வேற யாரு தேடுனதுன்னு ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுங்க. இல்லேன்னா அவளைக் கொண்டுபோயி அவங்க வூட்ல விட்டுடுங்க" என்றான். ஸ்பீக்கரில் இருந்ததால் வரிசையில் நின்ற எல்லாருக்கும் அது கேட்டது.

"நம்ம புள்ள அப்படியெல்லாம் தேடாதுடா. எவனோ பூந்து பண்ணியிருக்கான்" என்று ஹாஜியார் மருமகளுக்காகத்தான் பேசினார். எனக்குப் பக்கத்துக் கவுண்டரில் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தான். கெட்டிக்காரன்தான், இப்போது எங்கேயோ பெரிய பதவியில் இருக்கிறான். டோக்கனைக் கிழித்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஐடி அவங்க ஃபோன்ல இருக்குன்னா அவங்கதான் தேடியிருப்பாங்க சார், சிம்பிள்" என்றான்.

ஹாஜியாரின் முகம் மாறிவிட்டது. "கம்பெனிக்காரங்களே சொல்றாங்கப்பா" என்று மகனிடம் சொன்னார். அதுவரை அவளுக்காகப் பேசிய மனுஷன், அந்த ஒரு வார்த்தையில் அவளைவிட்டு ஓரடி தள்ளி நின்றார். எனக்கு அந்தத் தம்பியைப் பளாரென்று அறையலாம் போல இருந்தது. நமக்கு அது போகிற போக்கில் சொன்ன வார்த்தை. வீட்டுக்குப் போனால் அதுதான் தீர்ப்பு. கவுண்டரில் உட்காரப் போகிற நீங்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். யார் செய்தது என்று உங்களைக் கேட்பார்கள். உங்களுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசாதீர்கள்.

மேலாளர் அன்று லீவு. அவர் அறையைத் திறந்து மூன்று பேரையும் உள்ளே உட்கார வைத்தேன். ஷகிலாவின் ஃபோனை அவளிடம் கேட்டு வாங்கி, அவள் முன்னாலேயே அந்த ஐடிக்குள் போய்ப் பார்த்தேன். ஐந்து ஃபோன்களில் அது திறந்திருந்தது. கமாலுடையது ஒன்று. இவர்கள் மூவரிடமும் இருந்த புது ஃபோன்கள் மூன்று. மூன்றும் ஒரே மாடல், கடையில் சேர்த்து வாங்கியிருப்பான் போல. ஐந்தாவது ஒரு பழைய மாடல். அது யாருடையது என்று வாய்வரை வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை. என்ன என்று தெரியாமலே ஏதோ ஒன்று என் வாயை அடைத்தது.

அப்புறம் தேடியவற்றின் பட்டியலைத் திறந்தேன். அப்படி ஒரு கலவையை நான் பார்த்ததில்லை. ஜவுளி மொத்த விலை, சூரத்திலிருந்து லாரி. ஒரு படி அரிசி பிரியாணிக்கு எவ்வளவு தண்ணீர். துபாயில் வேறு கம்பெனிக்கு மாற விசா. முடி உதிர்வதற்கு வைத்தியம். முழங்கால் வலிக்கு ஓதுகிற துஆ. ஐந்து பேரின் மனசில் ஓடியதெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தது. யார் எதைத் தேடியது என்று ஊகிக்க முடிந்தது, ஊகிக்கக் கூடாது என்றும் தோன்றியது. நடுநடுவே அந்தக் குலா. அதற்குப் பக்கத்திலேயே, 'காதில் அடி பட்டால் கேட்காமல் போகுமா'. கொஞ்சம் தள்ளி, 'காதில் ரத்தம் வந்தால் என்ன செய்வது'. பிறகு, 'அரியலூர் காது டாக்டர் பெண் டாக்டர்'.

நிமிர்ந்து ஷகிலாவின் காதைத்தான் முதலில் பார்த்தேன். முக்காட்டுக்குள் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி ஃபோனைப் பார்த்தேன். ஒவ்வொரு தேடலுக்கும் கீழே எந்த மாடலிலிருந்து என்று பொடி எழுத்தில் இருந்தது. குலாவும் காதும் எல்லாமே அந்தப் பழைய மாடலிலிருந்து தேடியவை.

ஹாஜியாரிடம், "பாய், அடையாள அட்டைக்கு ஒரு ஜெராக்ஸ் வேணும், எடுத்துட்டு வந்துடுங்க" என்றேன். ஜெராக்ஸ் எதற்கும் தேவையில்லை. அவர் மகனிடம் அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். ஜைத்தூன் அம்மா கதவோரத்து நாற்காலியில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். ஷகிலாவைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னேன்.

"உன் ஃபோன்ல தேடலைம்மா. வேற ஒரு பழைய ஃபோன்ல தேடியிருக்கு. இந்தா, மாடல் பேரே இருக்கு. இதை உங்க மாமாகிட்ட காட்டுனா முடிஞ்சுது."

அவள் சட்டென்று கையால் அந்தத் திரையை மூடினாள். "காட்டாதீங்க மேடம்."

"ஏன்மா?"

"அது எங்க நாத்தனா ஃபோன். ரஹிமான்னு பேரு, அரியலூர்ல குடுத்திருக்கு. இவரு போன லீவுல தன்னோட பழைய ஃபோனை அவளுக்குக் குடுத்துட்டுப் போனாரு. கொஞ்ச நாளா வீடியோல வரவே மாட்டேங்கறா, பேச்சு மட்டும்தான். எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. இது மாமாவுக்குத் தெரிஞ்சா நேரா மாப்பிள்ளைகிட்ட போயி என்னப்பா இதுன்னு கேப்பாரு. கேட்டுட்டு வூட்டுக்கு வந்துருவாரு. அவ அங்கேயேதானே இருக்கணும்."

"அப்ப உன்னை அனுப்பிடுவாங்களேம்மா."

"எங்க அம்மா வூட்ல என்னை யாரும் அடிக்க மாட்டாங்க மேடம்" என்றாள்.

எத்தனையோ பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கிறேன். வாடிக்கையாளர் கோபப்பட்டால் எப்படிப் பேச வேண்டும், அழுதால் எப்படித் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லித் தந்திருக்கிறார்கள். இந்தப் பெண்ணைக் காப்பாற்ற வேண்டுமானால் இன்னொரு பெண்ணைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அவளை மறைத்தால் இவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மறைத்தால் அவளுக்கு நல்லதா, அதுவும் தெரியவில்லை. காதில் ரத்தம் வருகிறவளை மறைத்து வைத்து என்ன நல்லது நடந்துவிடும்? யோசித்து முடிப்பதற்குள் ஹாஜியார் ஜெராக்ஸோடு வந்துவிட்டார். ஸ்பீக்கரில் கமாலும் வந்துவிட்டான்.

"இந்தப் பொண்ணு ஃபோன்ல இருந்து தேடலை தம்பி. அதை நான் உறுதியா சொல்றேன்" என்றேன்.

"அப்ப எந்த ஃபோன் மேடம்?"

"உங்க ஐடி அஞ்சு ஃபோன்ல இருக்கு தம்பி. நீங்களே போட்டுக் குடுத்தது."

"அது தெரியுது. எந்த ஃபோன்னு கேக்கறேன். ஐடி என்னோடது மேடம். எனக்குத் தெரியக் கூடாதா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஐடி அவனுடையதுதான். எங்கே அமுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் அவனே பார்த்திருப்பான், என்னைக் கேட்க வேண்டியதே இல்லை. சட்டப்படி பேசினால் அவன் தங்கைக்காக ஒளிக்க நான் யார்? ஹாஜியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷகிலா தரையைப் பார்த்தாள்.

"நான்தான்டா தேடுனேன்" என்று கதவோரத்திலிருந்து சத்தம் வந்தது.

ஜைத்தூன் அம்மா கண்ணைத் திறந்திருந்தார். தஸ்பீஹ் மடியில் கிடந்தது. ஹாஜியார் மெல்லத் திரும்பினார். "நீயா? உனக்கு எதுக்கு அது?"

"மைக்கை அமுக்கிக் கேட்டேன். பிரியாணிக்குத் தண்ணி கேக்கறேன்ல, அதே மாதிரிதான். தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு கேட்டுச் சொல்லச் சொல்லுச்சு. கேட்டேன்."

"எந்தப் பொண்ணு?"

"உங்ககிட்ட சொல்லுறதுக்கா அது என்கிட்ட வந்துச்சு?"

அந்த அம்மாவின் புது ஃபோன் அவர் மடியிலேயே இருந்தது. அதிலிருந்து அதைத் தேடவில்லை என்று அந்த அறையில் எனக்கும் ஷகிலாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் பேசவில்லை. ஸ்பீக்கரில் கமால் குரல் இறங்கிப்போய் வந்தது. "என்னம்மா நீ, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. ஷகிலா இருக்காளா? ஃபோனை அவகிட்ட குடுங்க அத்தா." அவள் ஃபோனை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். அவன் என்ன சொன்னான் என்று தெரியாது. அவள் "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். சீக்கிரத்தில் மன்னித்துவிடவில்லை என்று அந்த "ம்"மிலேயே தெரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

அவள் முடித்ததும் நான் ஃபோனை வாங்கி, கமாலுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இனிமேல் ஆளுக்கு ஒரு ஐடி. அவனவன் பாஸ்வேர்ட் அவனவனுக்கு. இப்போதே பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, மற்ற ஃபோன்களிலிருந்து தன் ஐடியை எடுத்துவிட வேண்டும். பழைய ஃபோனை யாருக்குக் கொடுத்தாலும் முழுசாக அழித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றவன், "தேடுனதெல்லாம் இருக்குல்ல மேடம், அதை என்ன பண்ணட்டும்" என்று கேட்டான்.

"அழிச்சிடுங்க தம்பி. அஞ்சு பேரோடது அது. உங்க ஐடியில இருக்குங்கறதால உங்களோடது ஆயிடாது."

நான் சொல்லச் சொல்ல அவனே அழித்தான். அவன் நல்ல பையன்தான். உள்ளே ஒன்றையும் நின்று படிக்கவில்லை. அவன் அழித்துக்கொண்டிருந்தது தன் தங்கையின் குரலை என்று அவனுக்குத் தெரியாது. நான் அவனுக்குப் பாதுகாப்பு சொல்லிக்கொடுத்தேனா, அவனை ஏமாற்றினேனா? அவன் படித்திருந்தால் அடுத்த விமானத்தில் வந்து தங்கையைக் கூட்டிக்கொண்டு போயிருப்பானோ என்னவோ. இல்லை, அங்கிருந்தே மச்சானைத் திட்டியிருப்பானோ, அதற்கும் சேர்த்து அவள் இன்னும் நாலு அடி வாங்கியிருப்பாளோ. பாத்திரம் கழுவும்போதெல்லாம் இதை யோசித்திருக்கிறேன். இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

கிளம்பும்போது ஹாஜியார் முன்னால் வண்டியை எடுக்கப் போனார். ஷகிலா அவர் பின்னால் போனாள். ஜைத்தூன் அம்மா மட்டும் போகவில்லை. அறைக் கதவைத் தானே சாத்திவிட்டு வந்து என் எதிரே நின்றார்.

"நீங்க படிச்சீங்கல்ல. என்ன எழுதிக் கேட்டிருந்தா எம் பொண்ணு?"

கண்ணை மூடிக்கொண்டு அத்தனையையும் கேட்டிருக்கிறார். "அம்மா, அது எனக்கு எழுதுனது இல்லையேம்மா. நான் எப்படிச் சொல்றது" என்றேன்.

"எனக்கும் எழுதலை. என்கிட்ட சொல்லாம ஃபோன்கிட்ட கேட்டிருக்கா. அதான் கேக்கறேன்."

குலாவைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது காது. சொன்னால், அந்தப் பெண் பெற்ற தாயிடம்கூடச் சொல்ல விரும்பாத ஒன்றை, முகம்கூடப் பார்க்காத நான் எடுத்துக் கொடுத்தவள் ஆவேன். சொல்லாமல் இந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் போய்ச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட முடியுமா? வாடிக்கையாளரின் தகவலை வெளியே சொல்லக் கூடாது என்று சுவரில் ஒட்டியிருக்கிற காகிதத்தில் இதற்கெல்லாம் இடம் இல்லை.

"அம்மா, பொண்ணை எப்பப் பாக்கப் போறீங்க?"

"வெள்ளிக்கிழமை கழிச்சுப் போலாம்னு இருந்தேன்."

"வெள்ளி வரைக்கும் வேணாம்மா. இப்பவே போங்க. இங்கேருந்தே போங்க."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அவ்ளோ தூரம் போயிருச்சா?"

"போயி நேர்ல பாருங்கம்மா. ஃபோன்ல பேசாதீங்க, நேர்ல பாருங்க."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாசலில் கணவரிடம், "நீங்க கடைக்குப் போங்க, நானும் ஷகிலாவும் அரியலூர் வரைக்கும் போயி புள்ளயை ஒரு எட்டு பாத்துட்டு வரோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "இப்ப என்ன திடீர்னு" என்றார் ஹாஜியார். "புள்ளயப் பாக்க நாள் பாக்கணுமா" என்று அந்த அம்மா புது பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார்.

இப்போது உங்களுக்குக் குழப்பமாக இருக்கும். மேடம் சொன்னது சரியா, விதியை மீறினாரா, மீறவில்லையா என்று. எனக்கும் அதுதான் குழப்பம். நான் அந்த வரிகளைப் படித்துக் காட்டவில்லை. ஆனால் சொல்லாமலும் விடவில்லை. எது ரகசியத்தைக் காப்பது, எது கைகழுவுவது என்று கோடு போட்டுத் தரச் சொன்னால் என்னால் முடியாது. அந்த அம்மா பொய் சொன்னார், ஷகிலா மௌனமாக இருந்தாள், நான் பாதியை முழுங்கினேன். மூன்று பேரும் சேர்ந்து ஒரு ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டு, அதே மூச்சில் அதை உடைத்தும்விட்டோம். இதில் எந்தப் பாதி சரி?

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஒருவர் ஃபோனைக் கையில் வாங்கினால், கேட்ட வேலைக்கு வேண்டியதைத் தவிர எதையும் திறக்காதீர்கள். தப்பித்தவறிப் பார்த்துவிட்டால், நாலு பேர் நடுவில் அதைப் பற்றி வாய் திறக்காதீர்கள். ஐந்தாவது ஃபோன் யாருடையது என்று அன்றைக்கு நான் சத்தமாகக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. புது ஃபோனோடு வருகிற குடும்பத்திடம், ஆளுக்கு ஒரு ஐடி என்பதைச் சண்டை போட்டாவது சொல்லுங்கள். "எங்க வூட்டுக்குள்ள என்ன மேடம் ரகசியம்" என்பார்கள். வாதாடாதீர்கள். போட்டுக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குள்தான் அது அதிகம் வேண்டியிருக்கிறது.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள், டோக்கன் வாங்கிக்கொண்டு மூன்று பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஜைத்தூன் அம்மாவும் ஷகிலாவும் எனக்குத் தெரிந்தவர்கள். நடுவில் இருந்தவளைத் தெரியவில்லை. முறை வந்ததும் ஜைத்தூன் அம்மா, "இது எம் பொண்ணு மேடம். நம்ம வூட்லதான் இருக்கு. அதும் பேர்லயே ஒரு சிம் வேணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்தார்களா, அப்புறமா, இவர் என்ன கேட்டார், அவள் என்ன சொன்னாள், எதையும் நான் கேட்கவில்லை.

"பேரு சொல்லும்மா" என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். சத்தம் போதவில்லையோ என்று மறுபடி கேட்டேன். அவள் தலையைச் சாய்த்து வலது காதை என் பக்கம் கொண்டுவந்தாள். "ரஹிமா" என்றாள். இன்னும் ஒரு மாதம் முன்னாலேயே அந்தக் குடும்பம் என்னிடம் வந்திருக்கலாமே என்று அர்த்தமில்லாமல் மனசு அடித்துக்கொண்டது. குனிந்து சிம்மைப் பிரித்தேன்.

புது ஐடி போட்டு, பாஸ்வேர்ட் கேட்கிற இடம் வந்ததும் ஃபோனை அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தேன். வலது காதுப் பக்கமாகச் சாய்ந்து, "உனக்கு மட்டும் தெரிஞ்சதா ஒண்ணு போடும்மா" என்றேன். அவள் ஃபோனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். யாரும் சொல்லாமலே ஜைத்தூன் அம்மா எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். ஷகிலாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரஹிமா இன்னும் எழுத ஆரம்பிக்கவில்லை. எதற்குக் காத்திருக்கிறாள் என்று நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்களும் மேடம்" என்றாள்.

திரும்பிக்கொண்டேன்.